பழனி மலைக்குப் போகுமுன்

கொடைக்கானலுக்குப் போய்த் திரும்பிய ஒருவரிடம் அங்கே என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் கிடைக்கும். ஏரி, அதில் படகு, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் நடைபாதை, பைன் காடு, தூண் பாறை, வழியில் வெள்ளி அருவி. இரண்டு நாள் இயற்கையோடு இருந்துவிட்டு வந்தோம் என்றும் அவர் மகிழ்ச்சியோடு சொல்வார்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏரி 1863-ஆம் ஆண்டில் ஓடைகளை மறித்துத் தேக்கப்பட்டது. நடைபாதை 1872-இல் வெட்டப்பட்டது. பூங்கா 1908-இல் அமைக்கப்பட்டது. பைன் மரங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் மனிதர் நட்டு வளர்த்தவை. வெள்ளி அருவியில் விழுவதுகூட ஏரியிலிருந்து வழியும் மிகுதி நீரே. எஞ்சி நிற்பது தூண் பாறை ஒன்றுதான். அதுவும் பல நாள் மூடுபனியில் மறைந்துவிடும்!

இவை அழகற்றவை என்று சொல்ல வரவில்லை. ஆனால், இவற்றுக்கு முன்னால் அங்கே ஒரு மலை இருந்தது. அதற்கென்று தனியான மரங்களும் புல்லும் விலங்குகளும் பறவைகளும் மக்களும் உண்டு. இன்றும் அந்தப் பழைய மலை முற்றிலும் அழிந்துவிடவில்லை. எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் அதைக் காணலாம். அதற்கு மலையின் வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை. விடுதி வாடகையையும் பேருந்து நேரத்தையும் இதில் தேட வேண்டாம்.

மேல்மலையும் கீழ்மலையும்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீண்டிருக்கும் ஒரு கிளையே பழனி மலைத்தொடர். மேற்கே அது ஆனைமலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிழக்கு மேற்காகச் சுமார் 65 கிலோமீட்டர் நீளமும், வடக்கு தெற்காகச் சுமார் 40 கிலோமீட்டர் அகலமும் உடையது. வடக்கு அடிவாரத்தில் பழனி நகரம். தெற்கு அடிவாரத்தில் பெரியகுளம். கேரள எல்லையை ஒட்டிய வந்தரவு என்னும் முகடு 2,553 மீட்டர் உயரமுள்ளது. இத்தொடரில் மிக உயர்ந்த இடம் அதுவே.

மலை மக்கள் இதை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற ஊர்கள் உள்ள பகுதி கீழ்மலை. காப்பி, வாழை, ஏலம், மிளகு ஆகியவை அங்கே விளைகின்றன. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குரிய விருப்பாட்சி வாழை கீழ்மலையின் பயிர். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்கள் உள்ள உயரமான மேட்டுநிலம் மேல்மலை. கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

ஆனைமலை மேற்கிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றின் மழையில் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்கிறது. ஆகவே பழனி மலைக்கு அக்டோபர், நவம்பர் மாதங்களில் வரும் வடகிழக்குப் பருவமழையே முக்கியமானது. அம்மாதங்களில் மலைச்சாலைகளில் மண் சரிவதுண்டு. சோலைக்குள் நுழைந்தால் அட்டை ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் மலையைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்க்க நேரும். ஜனவரி முதல் மார்ச்சு வரை வானம் தெளிவாக இருக்கும். ஆனால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் பள்ளமான புல்தரைகளில் உறைபனி படியும். கம்பளி தேவை. குளிரில் நடுங்கியதாக எண்ணி மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்தான் என்று சொல்லப்படும் பேகன் இந்தப் பழனிப் பக்கத்துத் தலைவன்தான். மயில் நிற்பது அடிவாரத்தில். மேல்மலைக்கு அவன் ஏறியிருந்தால் போர்வையைக் கொடுக்குமுன் சற்று யோசித்திருப்பான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

கல்திட்டைகள்

பெருமாள்மலை, மச்சூர், பேத்துப்பாறை, தாண்டிக்குடி ஆகிய ஊர்களின் பக்கத்தில் பாறைமுகடுகளின்மேல் கல்திட்டைகள் உள்ளன. பலகை போன்ற கற்களைச் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு பெரிய கல்லைக் கூரையாக ஏற்றியிருப்பார்கள். தமிழ்நாட்டில் பல இடங்களில் இத்தகைய அமைப்புகளைப் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்று மக்கள் சொல்வார்கள். இவை இரும்புக்கால மக்கள் தம் இறந்தோர் நினைவாக எழுப்பியவை. செண்பகனூரில் வாழ்ந்த ஏசு சபைப் பாதிரியார் ஆங்கிலேடும் நியூட்டன் என்பவரும் மலை முழுவதும் அலைந்து இவற்றை அளந்து, வரைந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. பின்னர் 2000-க்குப் பிறகு தாண்டிக்குடியில் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழுவினர் அகழ்ந்தபோது ஈமச்சின்னங்களில் சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளம் இம்மலையில் கிடைக்கும் கல் அன்று. மிளகும் ஏலமும் கீழே இறங்கிய வழியில்தான் மணிகள் மேலே ஏறியிருக்க வேண்டும். ஆகவே இம்மலை என்றுமே தனித்துக் கிடந்த காடு அன்று.

கல்திட்டையின்மேல் ஏறி நின்று படம் எடுப்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. மேற்கல் பல டன் எடையுள்ளதாயினும் அதைத் தாங்கும் கற்கள் இன்று சாய்ந்தும் பிளந்தும் நிற்கின்றன. தள்ளி நின்று பார்த்தாலே போதும்.

மலையின் மக்கள்

மலையின் காட்டுச் சரிவுகளில் வாழ்பவர்கள் பளியர். தேனெடுப்பதிலும் கிழங்கு அகழ்வதிலும் மூலிகை அறிவிலும் வல்லவர்கள். பாதிரியார் தாமன் இவர்களைப்பற்றி 1908-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். 1960-களில் வந்த அமெரிக்க மானிடவியலார் பீட்டர் கார்டனர், பளியரிடையே சண்டையும் போட்டியும் எவ்வளவு அரிது என்பதைக் கண்டு வியந்து எழுதினார். தகராறு மூண்டால் கையை ஓங்குவதற்குப் பதிலாக ஒருவர் அந்த இடத்தைவிட்டே விலகிப்போய்விடுவார் என்பது அவர் குறித்துவைத்த செய்தி. உலக மானிடவியல் நூல்களில் பளியருக்குத் தனி இடம் உண்டு. ஆனால், நம் பயணக் கையேடுகளில் அவர்களைப்பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை.

புலையர் என்னும் மற்றொரு பழங்குடியினரும் மலையில் நெடுங்காலமாக வாழ்கின்றனர். மேல்மலைக் கிராமங்களில் படிக்கட்டுபோல் வயல் வெட்டிப் பயிர் செய்வோர் மன்னாடியார் என்னும் குன்னுவர். சில நூற்றாண்டுகளுக்குமுன் கொங்குச் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள் என்பது இவர்கள் மரபு. கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பூம்பாறையில் இந்தப் படிக்கட்டு வயல்களையும், குழந்தை வேலப்பர் கோயிலையும் காணலாம். அங்கு விளையும் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பல் சிறியது, காரம் மிகுதி, நெடுநாள் கெடாது. கொடைக்கானல் கடைகளில் இதே பெயரில் வேறு பூண்டு விற்பவரும் உண்டு. பூம்பாறையிலேயே வாங்குவது நல்லது.

கொடைக்கானல் நகரிலுள்ள குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936-இல் கட்டியவர், இலங்கையின் சேர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து லீலாவதி என்று பெயர் கொண்ட ஐரோப்பிய இனப் பெண்மணி. 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கைக்குப்பின் தாயகம் திரும்பிய இலங்கை மலையகத் தமிழரில் பலரும் இம்மலையில் குடியமர்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த வேலை மரம் வெட்டுவது. எந்த மரம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சாலை இல்லாத காலம்

1821-இல் நில அளவைக்காரரான லெப்டினன்ட் வார்டு இம்மலையை அளக்க ஏறினார். தூண் பாறையை அடுத்த ஆழமான பாறைப் பிளவுகளை அவர் அப்போதே குறித்திருக்கிறார். 1991-இல் வந்த ‘குணா’ திரைப்படத்துக்குப்பின் ‘குணா குகை’ என்று பெயர் பெற்றவை அவைதாம். அங்கே தவறி விழுந்து உயிரிழந்த இளைஞர் பலர். கம்பித் தடுப்பு காரணத்தோடுதான் போடப்பட்டிருக்கிறது.

வார்டுக்குப்பின் இருபது ஆண்டுகளுக்குமேல் யாரும் பெரிதாக அக்கறை காட்டவில்லை. மதுரையில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரிமார்களின் குடும்பங்களில் காலராவாலும் காய்ச்சலாலும் சாவு அடுத்தடுத்து நேர்ந்தது. அதற்குத் தப்பவே அவர்கள் 1845-இல் மலைமேல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். கொடைக்கானல் நகரத்தின் தொடக்கம் இதுதான். உல்லாசத்துக்காகத் தோன்றிய ஊர் அன்று. உயிர் பிழைக்கத் தோன்றிய ஊர்.

அக்காலத்துப் பயணம் எப்படியிருந்தது என்பதை இன்று காரில் ஏறுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரியகுளத்துக்கு அருகே கும்பக்கரைப் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதை. துரைமாரும் துரைசானிமாரும் குழந்தைகளும் டோலியிலும் நாற்காலியிலும் அமர்ந்திருக்க, அவர்களைத் தோளில் சுமந்து சுமைகூலிகள் செங்குத்தில் ஏறினார்கள். பெட்டி, படுக்கை, பீங்கான், பியானோ வரை எல்லாம் மனிதர் முதுகிலேயே மேலே போயின. சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 1875-இல் அம்மையநாயக்கனூர்வரை இரயில் வந்தது. இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையம் அதுவே. எனினும் அங்கிருந்து அடிவாரம்வரை இரவெல்லாம் மாட்டு வண்டிதான். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைச்சாலை 1914-இல் திறக்கப்பட்ட பிறகே மோட்டார் வண்டி மேலேறியது. பழைய கும்பக்கரைப் பாதை இன்றும் இருக்கிறது. கால் வலுவுள்ள மாணவர்கள் வனத்துறையின் அனுமதி பெற்று, ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அதில் இறங்கிப் பார்க்கலாம். முட்புதர்க் காட்டிலிருந்து பசுமைமாறாச் சோலைவரை மலையின் அடுக்குகள் அனைத்தையும் ஒரே நாளில் காட்டும் பாதை அது. கீழிருந்து மேலே போவதற்கு மட்டும் யாரையும் நான் தூண்டமாட்டேன்.

மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்சு ஏரியைத் தேக்கினார். பிறகு ஓய்வு பெற்று அங்கேயே குடியேறினார். உருளைக்கிழங்கும் பேரிக்காயும் பிளம்சும் ஐரோப்பியர்களோடு மேலேறின. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்துக்குப்பின், சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. அதை ஆராயவே தூசு குறைந்த இந்த உயரத்தில் 1899-இல் சூரிய ஆய்வகம் வந்தது. மழை எப்போது பெய்யும் என்ற விடை கிடைக்கவில்லை. ஆனால் 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இங்கே கண்டார். அது ‘எவர்ஷெட் விளைவு’ என்று உலகெங்கும் அறியப்படுகிறது. நூறாண்டுக்கும் மேலான சூரியப் புகைப்படத் தகடுகள் இந்த ஆய்வகத்தில் இருக்கின்றன. பார்வையாளர்க்கான சிறு கண்காட்சியும் உண்டு. ஏரியில் படகுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அங்கே போய்வரலாம்.

பறவைகளின் கதை தனிச் சுவையுடையது. பம்பாய் மாகாணத்து அகமதுநகரில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரியார் சாமுவேல் ஃபேர்பாங்க், 1860-களில் பழனி மலைக்கு வந்து பறவைகளைச் சேகரித்தார். அவற்றைப் பெற்ற பிளான்ஃபோர்டு என்னும் அறிஞர் இரண்டு பறவைகள் அறிவியலுக்குப் புதியவை என்று கண்டு பெயரிட்டார். ஒன்று, ஃபேர்பாங்கின் பெயரையே தாங்கிய பழனிச் சிலப்பன். புதரிலிருந்து சிரிப்பதுபோல் கூட்டமாகக் குரல் எழுப்பும். மற்றொன்று, நீலநிறமும் வெண்வயிறும் கொண்ட ஒரு சிறு பறவை. இருண்ட சோலைத் தரையைவிட்டு அது வெளியே வருவது அரிது. 2017-இல் மரபணு ஆய்வு செய்தோர் இது உலகில் வேறெங்குமில்லாத தனிப் பேரினம் என்று கண்டு ‘சோலிக்கோலா’ என்று பெயர் வைத்தார்கள். நம் ‘சோலை’ என்ற சொல்தான் அது! மலைச்சரிவின் மடிப்பில் வளரும் காட்டைக் குறிக்க ஆங்கிலேயர் முன்னரே இச்சொல்லைக் கடன் வாங்கியிருந்தார்கள். இப்போது இலத்தீனிலும் ஏறிவிட்டது.

புல்லும் சோலையும்

இனிமேல் சொல்வதே இக்கட்டுரையின் முக்கியமான பகுதி.

1845-இல் மேலேறிய பாதிரிமார்கள் கண்ட மேல்மலை இன்று நாம் காண்பதுபோல் மரங்கள் அடர்ந்ததாக இல்லை. அலையலையாகப் புல்மூடிய குன்றுகள். குன்றுகளுக்கிடையே ஓடை செல்லும் மடிப்புகளில் மட்டும் கருநிறத் திட்டுகளாகச் சோலைகள். சோலை மரங்கள் உயரம் குறைந்தவை. பின்னிய கிளைகளில் பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் படர்ந்திருக்கும். காட்டுச் செண்பகம், நாவல் இனங்கள், உருத்திராட்ச இனங்கள் அங்குண்டு. புல்வெளியிலோ மரமே அரிது. செந்நிறப் பூக்கள் பூக்கும் காட்டுப்பூவரசு மட்டும் ஆங்காங்கே தனித்து நிற்கும். அது நெருப்புக்கும் உறைபனிக்கும் தாக்குப்பிடிக்கும் மரம்.

ஏன் இப்படி? காட்டை மனிதன் எரித்ததால்தான் புல்வெளி உண்டாயிற்று என்று நெடுநாள் நம்பினார்கள். மரமில்லாத நிலம் ‘வீண் நிலம்’ என்றும் ஏடுகளில் எழுதினார்கள். 1993-இல் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுகுமாரும் அவருடைய குழுவினரும் நீலகிரிச் சதுப்புகளில் மக்கிப் படிந்திருந்த தாவரப் படிவை ஆராய்ந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்ட முறை எளிதில் விளங்கக்கூடியதே. வெப்பமண்டலப் புல் வகைகளில் பல, காற்றிலுள்ள கரியமில வாயுவை மரங்களினின்று வேறுபட்ட ஒரு வழியில் உணவாக்குகின்றன. அதனால் புல்லின் உடலில் கார்பன்-13 என்னும் கனமான கார்பன் அணுக்கள் மரத்தில் இருப்பதைவிடச் சற்று அதிகமாகச் சேர்கின்றன. செடி மக்கிய பிறகும் இந்த விகிதம் மாறுவதில்லை. படிவை அடுக்கடுக்காக எடுத்து அளந்தால் எந்தக் காலத்தில் புல் ஓங்கியிருந்தது, எப்போது மரம் ஓங்கியிருந்தது என்று சொல்லிவிடலாம். அளந்தபோது, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் ஓங்கியிருந்தது தெரிந்தது. உலகம் பனியுகத்தில் குளிர்ந்து வறண்டிருந்த காலம் அது. பிறகு ஈரம் மிகுந்தபோது சோலை முன்னேறியது, வறண்டபோது பின்வாங்கியது. ஆய்வு நடந்தது நீலகிரியில். பழனி மேல்மலையும் அதே உயரம், அதே வகை நிலம். கோடரியும் தீப்பெட்டியும் வருவதற்கு மிக முன்பே புல்வெளி மலையின் சொந்தக்காரர் என்பது உறுதியாயிற்று.

ஆனால், இந்த ஆய்வு வருவதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. குளிர்காய விறகு வேண்டும் என்று ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டசு என்னும் தைல மரத்தையும், வாட்டில் என்னும் சீகை மரத்தையும் தென்னாட்டு மலைகளுக்குக் கொண்டுவந்தார்கள். அது சிறிய அளவில்தான். பெரிய அளவில் நட்டவர்கள் விடுதலைக்குப் பிந்திய நாமேதான். தோல் பதனிடத் தமிழர் பண்டுதொட்டுப் பயன்படுத்தியது ஆவாரம்பட்டை. தொழில் பெருகியபோது அது போதவில்லை. வாட்டில் பட்டையில் துவர்ப்புப் பொருள் மிகுதி. மரக்கூழ் ஆலைகளுக்குத் தைல மரமும் வாட்டிலும் வேண்டியிருந்தன. ‘வீண் நிலம்’ கையருகே கிடந்தது. குன்று குன்றாகப் புல்லை அகற்றி மரம் நட்டார்கள். தாயகம் திரும்பிய தமிழரில் பலர் அங்கே வெட்டியது இந்த மரங்களைத்தான்.

2018-இல் வெளியான ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பழனி மலையை அளந்தது. சுமார் நாற்பது ஆண்டுகளில் மேட்டுப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்பது அதன் முடிவு. மரத்தோட்டங்களும் விவசாயமுமே காரணம்.

புல் போனால் என்ன, மரம்தானே வந்திருக்கிறது என்று கேட்கலாம். வரையாடு புல்வெளி விலங்கு. மரத்தோட்டத்தில் அதற்கு வேலையில்லை. நீரின் கதை இன்னும் பெரிது. பழனி நகரத்துக்கு நீர் தரும் பாலாறு, பொருந்தலாறு, தெற்கே மஞ்சளாறு, கிழக்கே மருதாநதி எல்லாம் இம்மலையில் பிறப்பவை. புல்வேர்களிடையே ஊறிய மழைநீர் சோலை ஓடைகளின் வழியே மெல்லக் கசிந்து இவற்றை அடைகிறது. வேகமாக வளரும் அயல் மரங்கள் அந்த நீரில் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆப்பிரிக்காவிலும் இதே கதை நடந்தது. யானையும் காண்டாமிருகமும் பார்க்க உலகமெங்குமிருந்து மக்கள் போகும் நேட்டால் பகுதியில், இதே வாட்டில் மரத்தைப் பட்டைக்காகப் பயிரிட்டார்கள். அது தோட்டத்தைத் தாண்டி ஆற்றோரமெங்கும் பரவிற்று. அதுபோன்ற அயல் மரங்களை வெட்டி ஆறுகளை மீட்பதற்கென்றே தென்னாப்பிரிக்க அரசு 1995-இல் ஒரு தனித் திட்டம் தொடங்கி, ஏழைத் தொழிலாளர்களை அமர்த்தியது.

நம் மலையிலும் அயல் மரங்களை அகற்ற வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. எப்படி என்பதில்தான் கருத்து வேறுபாடு. வாட்டில் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் ஒரு மரத்துக்கு நூறு கன்றுகள் முளைக்கும். மறுபக்கம், பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருவதும் காணப்படுகிறது. ஆகவே முதிர்ந்த தோட்டத்தைத் தொடாமல் சோலையாக மாறவிடலாம். எஞ்சியிருக்கும் புல்வெளியின் ஓரத்தில் புதிதாக நுழையும் கன்றுகளை உடனுக்குடன் பிடுங்க வேண்டும் என்பார் ஒரு சாரார். எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டிச் சாய்த்தால் மண்ணும் சேர்ந்து போய்விடும்.

பைன் காட்டுக்குள் சென்றால் ஒரு நிமிடம் நின்று கீழே பாருங்கள். ஊசியிலைப் படுக்கை தவிர வேறு செடி எவ்வளவு இருக்கிறது? பறவைக் குரல் கேட்கிறதா? பிறகு ஏதேனும் ஒரு சோலையின் ஓரத்தில் நின்று அதே சோதனையைச் செய்து பாருங்கள். பாடநூல் சொல்லித்தராத பாடம் ஐந்து நிமிடத்தில் விளங்கும்.

ஊருக்குள் வந்த காட்டுமாடு

கொடைக்கானல் தெருவில் இரவில் நடப்பவர் இன்று காட்டுமாட்டை எதிர்கொள்ள நேரலாம். செய்தித்தாள்கள் காட்டெருமை என்று எழுதினாலும் அது எருமை இனம் அன்று, மாட்டினம். வளர்ந்த காளை ஆயிரம் கிலோவை நெருங்கும். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல் இருக்கும். மேய்ச்சல் நிலம் மரத்தோட்டமாயிற்று. நகரமோ நாலாபக்கமும் விரிந்தது. வேலியில்லாத தோட்டங்களில் இளம்புல் கிடைத்தது. அது ஊருக்குள் வருவதில் எனக்கு வியப்பில்லை.

அமைதியாக மேய்கிறதே என்று அருகில் போகக் கூடாது. தாக்குண்டு இறந்தவர்களும் உண்டு. தலையைத் தாழ்த்திச் சீறினால் அது எச்சரிக்கை. ஓடாமல், முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்வாங்க வேண்டும். அது தப்பிப்போகும் வழியை மறித்து நிற்கக் கூடாது. கன்றோடு இருக்கும் பசுவுக்கும் தனித்து நிற்கும் காளைக்கும் கூடுதல் இடம் கொடுக்க வேண்டும். இரவில் கைவிளக்கு இல்லாமல் நடக்க வேண்டாம். உண்ணக் கொடுப்பது அன்பு என்று எண்ணுவோர், அடுத்து வருபவரிடமும் அது உரிமையோடு கேட்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். குரங்குகளுக்கும் இது பொருந்தும். கீழ்மலைச் சரிவுகளில் யானை நடமாட்டம் உண்டு. மாலைக்குமேல் அங்கே காட்டுப்பாதையில் போகாதிருப்பதே அறிவுடைமை.

இன்று போகிறவர்களுக்கு

2013-இல் பழனி மலையில் சுமார் 609 சதுர கிலோமீட்டர் காடு ‘கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம்’ என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே பேரிஜம் ஏரி போன்ற இடங்களுக்கு வனத்துறையின் அனுமதிச்சீட்டு வேண்டும். அது நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளுக்கே கிடைக்கும். பெரியகுளத்தின் குடிநீர் அங்கிருந்து வருவதையும் மறக்கலாகாது. வண்டியில் வருவோர் முன்பதிவு செய்யும் இ-பாஸ் முறை, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. விதிகள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் புட்டிகளைக் கொண்டுபோக வேண்டாம். சோதனைச்சாவடியில் பிடுங்கப்படும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

நேரமிருந்தால் முதல்நாளே செண்பகனூர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். 1895-இல் அங்கே கல்லூரி நிறுவிய ஏசு சபையினர் சேர்த்த பறவைகள், பாம்புகள், பூச்சிகள், கல்திட்டைப் பொருள்கள் எல்லாம் ஒரே கூரையின்கீழ் உள்ளன. அந்த மரபில் வந்த பாதிரியார் மத்தேயு, திருச்சி தூய வளனார் கல்லூரியின் உலர்தாவரத் தொகுப்பகத்தில் பல ஆண்டுகள் உழைத்து 1999-இல் பழனி மலைத் தாவரங்களைப்பற்றிய பெருநூலை வெளியிட்டார். பெயர் தெரிந்த செடி கண்ணில் படும். தெரியாதது பச்சையோடு பச்சையாய்ப் போய்விடும்.

அடுத்த நாள் பூம்பாறை வழியாக மன்னவனூருக்குப் போகலாம். வழியில் மரத்தோட்டங்கள் விலகிப் புல்குன்றுகள் திறக்கும் இடங்கள் வரும். 1845-இன் மலை எப்படி இருந்தது என்பதை அங்கேதான் ஓரளவு பார்க்க முடியும். வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். ஈரப்புல்லில் ஒருமுறை பதிந்த சக்கரத் தடம் பல ஆண்டுகளுக்கு மறையாது.

பளியர் குடியிருப்புகளுக்குள் கேட்காமல் நுழைவதும், குழந்தைகளைப் படம் எடுப்பதும் தகாது. தேனோ கிழங்கோ விலைக்குக் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்கலாம். பாறையில் தொங்கி எடுத்த தேன் அது.

குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. பூத்து, விதை சிந்தி, செடி மடிந்துவிடும். அந்த விதையிலிருந்து எழுந்தவை அடுத்த பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து ஒருசேரப் பூக்கும். ஒரே ஆண்டில் அளவின்றி விதை சிந்துவதால், தின்பவை தின்றது போக எஞ்சியது முளைக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். வரும் பூப்பு 2030-இல். அதுவரை குறிஞ்சியைப் பார்க்க முடியாது என்று எண்ண வேண்டாம். புல்வெளிச் சரிவுகளில் இடுப்பளவுக்கும் குறைந்த புதர்களாக இப்போதும் நிற்கிறது. எதிரெதிராக அமைந்த, ஓரத்தில் பல் வெட்டிய இலைகளைக் கொண்டு அடையாளம் காணலாம். வாட்டில் நிழல் விழுந்த சரிவில் மட்டும் தேட வேண்டாம், அங்கே இராது.